யாழ்ப்பாணக் கோட்டையும் அதன் இடிந்த தேவாலயமும்

(வல்வெட்டித்துறையில் நடந்த மரபுரிமை மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒரு தேவாலயம் இருந்தது. 1706இல் ஒல்லாந்தர் கட்டி முடித்தது. 1990இல் போரில் அழிந்தது. இன்று அங்கே நிற்பவை சுவர் எச்சங்களும் கல்மேடுகளும்தான். இவற்றை நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பழைய படத்தைப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டிவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். எங்களை அடிமைப்படுத்தியவன் கட்டியது, போனது போகட்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. இடிந்ததை இடிந்தபடியே காக்க வேண்டும், அதற்கு நடந்தது அத்தனையையும் தமிழில் அங்கேயே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு உங்களை ஒருமுறை கோட்டைக்குள் அழைத்துப் போக வேண்டும்.

இங்கிருந்து தொண்டைமானாறு, அச்சுவேலி வழியாகப் பேருந்தில் போனால் யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். முற்றவெளியில் 1974ஆம் ஆண்டுத் தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிரிழந்தவர்களின் நினைவுத் தூண்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். அதற்குச் சற்று அப்பால் 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகம். இப்படி ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு துயரம் நிற்கும் நிலத்தின் ஓரத்தில்தான், பண்ணைக் கடலைப் பார்த்தபடி, கோட்டை கிடக்கிறது.

முதலில் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். எங்கள் கடைசி அரசன் சங்கிலியன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூரில் இருந்த தலைநகர் கைவிடப்பட்டது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் கோயிலின் கற்கள்தான் கோட்டைக்குப் போயின என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். வெறும் வாய்ப்பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோட்டைக்குள் சோழர் காலத் தமிழ் எழுத்துப் பொறித்த கல் கிடைத்திருக்கிறது. கோயில்களுக்குரிய வேலைப்பாடுள்ள கற்கள் இடிபாடுகளுக்குள்ளிருந்து வெளிவந்திருக்கின்றன. கட்டியவர்கள் அவற்றைக் கல்லாக மட்டுமே கண்டு, சாந்து பூசி மதிலுக்குள் மறைத்துவிட்டார்கள். கட்டடம் உடைந்த பிறகுதான் அவை நம் கண்ணில் பட்டன.

போர்த்துக்கேயர் கட்டியது நாற்சதுரக் கோட்டை. அதற்கு அற்புத மாதாவின் பெயரை வைத்தார்கள். அந்த மாதாவின் சிலையைச் செதுக்கியவர் யாழ்ப்பாணத்து உள்ளூர்த் தச்சர் ஒருவர் என்பதைத் தம்பி தங்கைமார் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளையர் நம்பிக்கை, வெள்ளையர் கோட்டை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறோம். உளி பிடித்த கை எங்கள் கையாக இருந்திருக்கிறது.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ரைக்லொப் வான் கூன்ஸ் என்ற தளபதி மூன்று மாதத்துக்கும் மேலாக முற்றுகையிட்டு, யூன் மாதத்தில் கோட்டையைப் பிடித்தான். அந்தப் படையோடு வந்த குருவானவர்தான் பிலிப்பஸ் பல்தேயஸ். பருத்தித்துறையில் புளியமரத்தின் கீழ் பிரசங்கம் செய்தவர் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் அதே மனிதர். அவர் எழுதிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களையும் அந்த ஊர்த் தேவாலயங்களையும் படங்களோடு அதில் பதிவு செய்திருக்கிறார். தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, பருத்தித்துறை என்று நமக்குத் தெரிந்த பெயர்களாகவே வரும். எங்கள் வழிபாட்டை அவர் பார்த்த பார்வையில் ஏளனம் நிறைய உண்டு. ஆனாலும் 17ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் தோற்றத்தை அறிய அந்த நூலைத் தவிர்க்க வழியில்லை.

ஒல்லாந்தர் சதுரத்தை விட்டு ஐங்கோணமாகக் கட்டினார்கள். ஐந்து மூலைகளில் ஐந்து கொத்தளங்கள். அவற்றுக்குத் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: ஒல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட், கெல்டர்லாந்து, பிரீஸ்லாந்து. கொத்தளத்தில் ஏறி நின்று பாருங்கள், ஐங்கோணத்தின் காரணம் விளங்கும். ஒரு கொத்தளத்தில் நிற்பவன் பக்கத்துக் கொத்தளத்தின் மதில் முழுவதையும் பார்க்கிறான். மதிலடிக்கு வந்துவிட்ட பகைவன் எந்த இடத்திலும் ஒளிய முடியாது. இரண்டு பக்கத்துப் பீரங்கியும் அவனை எட்டும். நிலத்துப் பக்கம் அகழி, அகழிக்கு அப்பால் முக்கோண வெளியரண்கள், அதற்கும் அப்பால் பீரங்கிக்கு மறைவு தராதபடி சரித்துவிட்ட மண்மேடு. உள்கோட்டை 1680இல் முடிந்தது. வெளியரண்கள் முடிய 1792 ஆயிற்று. மூன்றே ஆண்டு கழித்து, 1795 செப்டெம்பர் 28ஆம் திகதி, கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் தலைமையில் வந்த ஆங்கிலப் படையிடம் ஒல்லாந்தர் சண்டையின்றிக் கோட்டையைக் கொடுத்துவிட்டார்கள். நூறு ஆண்டுக்கும் மேலாகப் போருக்கென்று செதுக்கிய கோட்டை, கட்டியவன் கையில் இருந்தவரை அந்தப் போரைக் காணவே இல்லை. அதன் போர் 20ஆம் நூற்றாண்டில், எங்கள் காலத்தில் வந்தது.

அதற்குள் போகுமுன் கட்டியவர்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒல்லாந்தரின் வணிகக் கொம்பனியின் பொறியாளர்கள் கோடு கீறினார்கள். கடலில் முருகைக்கல்லைப் பெயர்த்தவன், தோணியில் ஏற்றியவன், தலையில் சுமந்தவன், சுண்ணாம்புச் சூளையில் நின்றவன் யார்? ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்று ஒரு முறை இருந்தது. இன்ன இன்ன சாதியார் ஆண்டுக்கு இத்தனை நாள் கொம்பனிக்குக் கூலியின்றி வேலை செய்ய வேண்டும். தவறினால் தண்டம். போதாக்குறைக்கு, 1659 தொடங்கித் தஞ்சைப் பக்கத்தில் பஞ்சம் வந்தபோது, பசியால் விற்கப்பட்ட மக்களை ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் கோட்டையின் எந்தக் கல்லிலும் இல்லை. கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் வாசல் வளைவில் உள்ள ஆண்டைப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் மதிலில் கைவைத்துப் பாருங்கள். முருகைக்கல்லின் துளை துளையான உடம்பு விரலுக்குத் தட்டுப்படும். அது எங்கள் கடலில் பிடுங்கிய கல், எங்கள் முன்னோரின் முதுகில் ஏறிய கல். அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்தால் இது யாருடைய கோட்டை என்ற கேள்விக்கு விடை மாறிவிடும்.

இனித் தேவாலயம். நான்கு கைகளும் ஒரே நீளமான சிலுவையின் வடிவில் அமைந்த கட்டடம் அது. அதனால் ஒல்லாந்தர் அதைச் சிலுவைக் கோயில் என்றே அழைத்தார்கள். பருத்த சுவர்கள், உயர்ந்த முகப்புகள், மேலே ஓட்டுக் கூரை. கொழும்பில் இன்று எல்லோரும் போய்ப் பார்க்கும் ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம் 1757இல் திறக்கப்பட்டது; யாழ்ப்பாணத்துக் கோயில் அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. தரையெங்கும் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. குடும்பச் சின்னங்களைப் புடைப்பாகச் செதுக்கிய பெருங்கற்கள். இலங்கையில் உள்ள கல்லறைகளையும் நினைவுக்கற்களையும் ஜே. பி. லூயிஸ் தொகுத்து 1913இல் வெளியிட்டார். இந்தக் கோயிலில் கிடந்தவர்களின் விவரங்களை இன்று நாம் அறிவது அந்த மாதிரியான பதிவுகளால்தான். பிரசவத்தில் இறந்த இளம்பெண்கள், காய்ச்சலில் போன குழந்தைகள், ஐரோப்பாவை மறுபடி காணாமலே முடிந்துபோன எழுத்தர்கள், படைவீரர்கள் என்று ஒரு காலனி ஊரின் துக்கம் அத்தகைய கற்களுக்குக் கீழேதான் கிடக்கும்.

அந்தக் கோயிலில் ஒலித்த மணி ஒல்லாந்தருடையதல்ல. அற்புத மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறித்த போர்த்துக்கேய மணி. கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த ஒல்லாந்தர், கத்தோலிக்கரின் மணியை அடித்துத்தான் தங்கள் ஆராதனைக்கு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கி, பிச்சைக்காரக் கோலத்தில் ஊரூராகச் சுற்றி, சில்லாலையில் மறைவாகத் தங்கிக் கத்தோலிக்கர்களைக் கூட்டி வைத்தார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். சைவர்களுக்கும் அதே நெருக்கடி. வெளியே ஞானஸ்நானம், பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர், வீட்டுக்குள்ளே திருநீறு. கோட்டைக்குள் கோயில் வானளாவ எழுந்தபோது, கோட்டைக்கு வெளியே இரண்டு சமயத்தவரும் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டார்கள். பிறகு பிடி தளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் இரகுநாத மாப்பாண முதலியார் நல்லூரில் கந்தசுவாமி கோயிலை மறுபடி எழுப்பினார். அவர் ஒல்லாந்தரின் கச்சேரியில் பணி செய்தவர். ஆள்பவனுக்கு வேலை செய்த மனிதரின் கையாலேயே அழிந்த கோயில் திரும்பி வந்தது. வரலாறு நல்லவன் கெட்டவன் என்று இரண்டு வரிசையில் வந்து நிற்பதில்லை, பிள்ளைகளே. இந்தக் கோட்டையைப் பற்றிப் படிக்கும்போது அதை ஒவ்வொரு பக்கத்திலும் காண்பீர்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் கோட்டை உத்தியோகத்தர்களின் குடியிருப்பாயிற்று. 1905இல் இளம் அதிகாரியாக யாழ்ப்பாணம் வந்த லெனார்ட் வுல்ஃப் கோட்டைக்குள் இருந்த பங்களாவில்தான் தங்கினார். சிறைச்சாலையும் அங்கேதான். 1971 கிளர்ச்சியின்போது அதன் தலைவர் ரோகண விஜேவீர யாழ்ப்பாணத்தில்தான் சிறையிருந்தார். அவரை மீட்க வந்தவர்களின் தாக்குதலும் நடந்தது. இவற்றை வேகமாகக் கடக்கிறேன்.

டபிள்யூ. ஏ. நெல்சன் என்பவர் இலங்கையின் ஒல்லாந்தக் கோட்டைகளைப் பற்றி எழுதிய நூல் 1984இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் வெளியாயிற்று. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். அடுத்த ஆறு ஆண்டுக்குள் அந்த நூல் சொல்லும் யாழ்ப்பாணக் கோட்டை இல்லை. இராணுவம் கோட்டைக்குள் இருந்தது. விடுதலைப் புலிகள் சுற்றி வளைத்தார்கள். 1990 யூனில் தொடங்கிய முற்றுகை செப்டெம்பர் கடைசியில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனதோடு முடிந்தது. வெளியிலிருந்து எறிகணை, உள்ளிருந்து எறிகணை, வானத்திலிருந்து குண்டு. கோட்டையைச் சூழ்ந்த நகரப் பகுதி முழுவதும் பாழாயிற்று, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். தேவாலயம் அந்த மாதங்களில் அழிந்தது. இராணுவம் திரும்பி வந்து அரணாக்கிக்கொள்ளக் கூடாதென்று, பிறகு கோட்டையின் பகுதிகளைப் புலிகள் இடித்தார்கள். இதைச் சொல்லும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. எந்தப் பக்கத்தவரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்தக் கல்மேட்டின் முன்னால் நின்று அரைக்கதை சொல்வதற்கு எனக்கு வாய் வராது.

போர் முடிந்த பின் நெதர்லாந்தின் உதவியோடு தொல்லியல் திணைக்களம் மதில்களைப் புதுப்பிக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புஷ்பரட்ணம், டர்ஹம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரொபின் கொனிங்ஹாம் ஆகியோரின் குழுக்கள் கோட்டைக்குள் அகழ்ந்தன. போர்த்துக்கேயருக்கு வெகு காலம் முன்னரேயே அந்தக் கரையில் மக்கள் குடியிருந்ததும், இந்தியா, சீனம், அரபு நாடுகள் என்று கடல்வணிகம் நடந்ததும் மட்பாண்ட ஓடுகளால் உறுதியாயிற்று. இதைக் கேட்டு இந்த ஊர் மகிழ வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றதை நாங்கள் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னால் எத்தனை நூற்றாண்டுக் கடல்வழக்கு இருக்கிறதென்று அந்த ஓட்டுச் சில்லுகள் சொல்கின்றன.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஏன் திரும்பக் கட்டக் கூடாது?

முதற்காரணம் கல். அந்தச் சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இன்று முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடை, தடை சரியானதும்கூட. கரையைக் காப்பதும் மீனுக்கு இடம் கொடுப்பதும் அந்தப் பார்தான் என்று இந்த ஊருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கல் இல்லாவிட்டால் சீமெந்துக் கல்லும் சீமெந்துச் சாந்தும் வரும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். கடற்காற்றில் வரும் உப்பு சுவருக்குள்ளேயே தங்கி, உறைந்து பளிங்காகி, பழைய கல்லை உள்ளிருந்து பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். மிஞ்சியிருக்கும் உண்மையான சுவரையும் புதிய சுவர் தின்றுவிடும்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். திரும்பக் கட்டினால் 1706ஆம் ஆண்டு மட்டும் தெரியும். 1621 தெரியாது, 1990 தெரியாது. சுற்றுலாப் படத்துக்கு அழகான ஒல்லாந்தத் தேவாலயம் ஒன்று நிற்கும். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு இங்கே ஏதும் நடந்ததாகவே தோன்றாது.

அப்படியென்றால் விட்டுவிடலாமா? விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். தனுஷ்கோடியில் ஒரு தேவாலயம், நம்முடையதைப் போலவே பவளப்பாறைக் கல்லில் கட்டியது. 1964 டிசம்பர்ப் புயலில் ஊரோடு அழிந்தது. எத்தனையோ ஆண்டுகளாகக் காற்றும் மணலும் உப்பும் அரிக்க, வந்து போகிறவர்கள் ஏறியும் பெயர் கிறுக்கியும் தேய்க்க, நின்ற சுவரும் குறைந்துகொண்டே வந்தது. இடிபாட்டைக் காப்பதற்கும் வேலை வேண்டும். சுவர்த் தலைப்பில் சுண்ணாம்புச் சாந்து பூசி மழைநீர் இறங்காமல் அடைக்க வேண்டும். ஆல், அரசு முளைத்தால் வேர் பிடிக்குமுன் எடுக்க வேண்டும். விழுந்த கல்லுக்கு இலக்கமிட்டு அடுக்க வேண்டும். கல்லறைக் கற்களின் துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஓபன் நகரத்துக்குப் பக்கத்தில், கடலோரப் பாறையின் மேல், டன்ஸ்டாஃப்னேஜ் என்ற 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை. மக்டூகல் குலத்தார் கட்டியது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னன் ரொபர்ட் புரூஸ் பிடித்தது. 1746இல் இளவரசன் ஒருவனைத் தப்பவைத்த புளோரா மக்டொனால்ட் என்ற பெண்ணைச் சில நாள் சிறைவைத்தது. கோட்டையிலிருந்து சிறிது நடந்தால் மரங்களுக்குள் கூரையில்லாத சிற்றாலயம். அதற்குக் கூரை போட வேண்டும் என்று யாரும் அவசரப்படவில்லை. சன்னல் விளிம்பின் பழைய செதுக்குவேலையை விழாமல் தாங்கி, யார் கட்டினார், யார் பிடித்தார் என்று எழுதி வைத்து, வருகிறவர்களை உள்ளே விடுகிறார்கள். எடின்பரோவில் ஹொலிரூட் அரண்மனையை ஒட்டிய மடாலயத்தின் கூரை 1768இல் விழுந்தது, இன்றுவரை கூரையில்லை. 1829இல் அந்த இடிபாட்டுக்குள் வந்து நின்ற இளைஞன் மென்டல்சோனின் மனதில் எழுந்த இசைதான் பின்னர் அவருடைய ஸ்கொட்டிஷ் சிம்பொனியாயிற்று. அங்கே குடியேறிய எங்கள் பிள்ளைகள் விடுமுறையில் இந்த இடங்களுக்குப் போய்ப் படம் அனுப்புகிறார்கள். நல்லது. ஊருக்கு வரும்போது யாழ்ப்பாணக் கோட்டைக்கும் அவர்களைக் கூட்டிப் போங்கள். கொத்தளத்தில் ஏறிப் படம் எடுத்ததும் இறங்கிவிடாமல் கல்மேடுவரை நடத்துங்கள்.

அங்கே வைக்கிற பலகை தமிழில் முதலில் இருக்க வேண்டும். பிறகு சிங்களம், ஆங்கிலம், ஒல்லாந்த மொழி. அதில் சங்கிலியனும் இருக்க வேண்டும், நல்லூர்க் கல்லும் இருக்க வேண்டும். ஊழியம் செய்தவர்கள் இருக்க வேண்டும். தஞ்சையிலிருந்து வாங்கிவந்த அடிமைகள் இருக்க வேண்டும். தரைக்கடியில் கிடக்கும் ஒல்லாந்தக் குழந்தைகளும் இருக்க வேண்டும். 1990இல் கோட்டைக்கு உள்ளும் வெளியும் இறந்தவர்கள், எந்தச் சீருடையாக இருந்தாலும், சீருடையே இல்லாதவர்களாக இருந்தாலும், இருக்க வேண்டும். இப்படி எழுத அரசுத் திணைக்களம் எதுவும் தானாக முன்வராது. நாங்கள் கேட்க வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு இந்த மண்டபத்தில் உள்ளவர்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 1990க்கு முன் அந்தத் தேவாலயத்துக்குள் போனவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள், வேலைநிமித்தம் போயிருப்பீர்கள். கதவு எந்தப் பக்கம் திறந்தது, தரைக்கல்லில் எந்த உருவம் கண்ணில் பட்டது, உள்ளே பேசினால் குரல் எப்படி எதிரொலித்தது, எது நினைவிருக்கிறதோ அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லப் பேரப்பிள்ளை கைபேசியில் பதியட்டும். வீட்டு அலுமாரிகளிலும், கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினரின் பெட்டிகளிலும் பழைய புகைப்படங்கள் இருக்கும். கலியாணக் கூட்டத்துக்குப் பின்னால் தற்செயலாகக் கோட்டை விழுந்த படமானாலும் பரவாயில்லை. மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், பிரதி எடுத்து, எடுத்த ஆண்டையும் இடத்தையும் பின்னால் குறித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று, நமது ஊர் நூலகத்துக்கு ஒன்று என்று சேர்ப்பியுங்கள். மாணவர்கள் இந்த மாதத்திலேயே தொடங்கலாம். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது, கோட்டைக்குள் போன நினைவுள்ள பெரியவர்கள் தங்கள் பெயரை அதில் எழுதிவிட்டுப் போனால், பிள்ளைகள் வீடு தேடி வருவார்கள்.